பால்மரத்தை வாசித்த மூன்று தலைமுறைக் கருவிகள்



பினாங்கு பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைந்து, தெற்கே பாயான் லெப்பாஸ் பக்கம் திரும்பினால் புக்கிட் ஜம்புல் வரும். யுஎஸ்எம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேதி உயிரியல் மையம் இயங்கியது அந்தப் பகுதியில்தான். 2009ஆம் ஆண்டில் அங்கிருந்து ஒரு செய்தி வந்தது. ரப்பர் மரத்தின் மரபணுத்தொகுதியை வாசித்துவிட்டார்கள் என்பதே அந்தச் செய்தி. நாளேடுகள் பெரிதாகப் போட்டன.

அதே பகுதியிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்தால் ஜெரஜாக் தீவு தெரியும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலரைத் தோட்டங்களுக்கு அனுப்புவதற்கு முன், நோய் இருக்கிறதா என்று பார்க்க அடைத்து வைத்திருந்த தீவு அது. எந்த மரத்துக்காக அவர்களைக் கொண்டு வந்தார்களோ, அந்த மரத்தின் உள்ளெழுத்தை அதே கடலோரத்தில் வாசித்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

இரண்டாவதாகத் தோன்றியது ஒரு கேள்வி. வாசித்துவிட்டார்கள் என்றால் எவ்வளவு வாசித்தார்கள்? எதைக் கொண்டு வாசித்தார்கள்? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியைப் பற்றியது.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். பழைய விதை மரங்கள் நின்ற காலத்தில், தம் நிரையில் எந்த மரம் மங்கு நிறையப் பால் விடும், எது கஞ்சத்தனம் செய்யும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பிறகு ஒட்டுமரங்கள் வந்தன. "இப்ப எல்லா மரமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு, பேர் வைக்கக்கூட ஆசையில்லை" என்பார். அவர் விளையாட்டாகச் சொன்னது அறிவியல்படி உண்மை. ஆர்ஆர்ஐஎம் 600 என்ற இரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் நம் நாட்டில் உருவாக்கிய புகழ்பெற்ற இரகம் அது. ஜீர் 1, பிபி 86 என்ற இரண்டு இரகங்களின் பிள்ளை. ஒரு தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டி, அதிலிருந்து மீண்டும் எடுத்து ஒட்டி என்று பெருக்கியதால், வேருக்கு மேலே எந்த ஆர்ஆர்ஐஎம் 600 மரத்தை வெட்டினாலும் உள்ளே இருப்பது ஒரே டி.என்.ஏ. தான்.

அதற்கும் பின்னால் போனால் கதை இன்னும் குறுகலாகிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சென்றார். அவற்றில் முளைத்தவை சில ஆயிரமே. 1877இல் அவற்றின் வழிவந்த 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. நம் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பெரும்பகுதிக்கு வேர் அந்தச் சின்னக் கூட்டத்தில்தான் இருக்கிறது. தென் அமெரிக்காவில் ஓர் இலைக் கருகல் நோய் உண்டு. மோட்டார் வண்டி புகழ் ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் பிரேசிலில் போட்ட ரப்பர் தோட்டத்தை நாசமாக்கியதில் அதற்குப் பெரும்பங்கு. அது ஆசியாவில் இன்னும் நுழையவில்லை. நுழைந்தால், ஒன்றுபோல நிற்கும் மரங்கள் ஒன்றுபோலவே விழும். 2016க்குப் பிறகு இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பெஸ்டலோட்டியாப்சிஸ் என்ற பூஞ்சையோடு சேர்த்துப் பேசப்படும் இலையுதிர் நோய் பரவியபோது சிறுதோட்டக்காரர்கள் பட்ட பாடு அதற்கு ஒரு முன்னோட்டம்.

ஆகவே ரப்பரின் டி.என்.ஏ.வை வாசிப்பது வெறும் பெருமைக்கான காரியம் அல்ல. எந்த மரபணு நோயைத் தாங்கும், எது பாலைக் கூட்டும் என்று கன்றின் இலையைக் கொண்டே அறிய முடிந்தால், ஓர் இரகத்தை உருவாக்கப் பிடிக்கும் இருபது முப்பது ஆண்டுகளில் பல ஆண்டுகள் மிச்சமாகும். வாசிப்பு சரியாக இருந்தால்தான் அது நடக்கும். இங்கேதான் கருவியின் தலைமுறை என்ற பேச்சு வருகிறது.

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளால் ஆன மிக நீண்ட சரம் என்பது நேயர்கள் அறிந்ததே. மனிதரிடம் அது சுமார் 300 கோடி எழுத்து. அதை ஒரு நுனியில் பிடித்து மறு நுனிவரை ஒரே மூச்சில் வாசிக்கும் கருவி இதுவரை கிடையாது. என்ன செய்கிறார்கள்? இந்த ஞாயிறு இதழின் ஐம்பது பிரதிகளை வாங்கி, கண்டபடி கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு கிழிசலிலும் உள்ள எழுத்தைப் படித்து, ஒன்றின் முடிவும் மற்றொன்றின் தொடக்கமும் எங்கே ஒத்துப்போகின்றன என்று பார்த்துப் பார்த்து இதழை மறுபடி ஒட்டுவதுபோல ஒரு வேலை செய்கிறார்கள். கிழிசல் எவ்வளவு நீளம், அதைப் படிப்பதில் எத்தனை பிழை, ஒரு கிழிசலைப் படிக்க எவ்வளவு செலவு என்ற மூன்றுக்கும் இடையே நடக்கும் பேரம்தான் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறு.

முதல் தலைமுறை 1977இல் தொடங்குகிறது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த முறை அது. மூலத்தைப் பார்த்துப் பலகோடி எழுத்தர்கள் நகல் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கையில் கொடுக்கும் எழுத்துகளில் சில பொய்யெழுத்துகளைக் கலந்துவிடுகிறோம். பொய்யெழுத்தை எடுத்து வைத்தவரால் அதற்கு மேல் ஓர் எழுத்தும் சேர்க்க முடியாது. ஒருவர் பத்தாம் எழுத்தில் நிற்பார், ஒருவர் பதினொன்றில், ஒருவர் ஐந்நூறில். அரைகுறையான அந்த நகல்களை நீளவாரியாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்த எழுத்தில் நின்றது என்று பார்த்துக்கொண்டே போனால் மூலம் தானாக வெளிப்படும். எளிமை என்றால் இதுவல்லவா எளிமை! 1980இல் சாங்கருக்கு இரண்டாவது நோபல் பரிசு கிடைத்தது. முதல் பரிசு 1958இல் இன்சுலினுக்காகக் கிடைத்தது.

அந்தக் காலத்துச் சாங்கர் முறைக்குக் கதிரியக்கப் பொருளும் கண்ணாடித் தட்டுக்கு இடையே ஊற்றிய கூழும் வேண்டும். 1980களின் நடுவில் நான்கு எழுத்துக்கும் நான்கு ஒளிநிறம் கொடுத்துக் கணினியைப் படிக்க வைத்தார்கள். 1990களின் இறுதியில் கூழ்த்தட்டுக்குப் பதிலாக மயிரிழைபோன்ற குழாய்கள் வந்தன. ஓட்டம் ஒன்றுக்கு 96 குழாய்கள், குழாய் ஒன்றுக்கு எழுநூறு, எண்ணூறு எழுத்துகள். பிழையோ மிகமிகக் குறைவு. 1990இல் தொடங்கி 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட மனித மரபணுத்தொகுதித் திட்டம் இந்தக் கருவிகளால் நடந்ததே. குறை ஒன்றுதான், செலவு. 2001ஆம் ஆண்டுக் கணக்கில் ஒரு மனிதரின் மரபணுத்தொகுதியை வாசிக்க ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் ஆகும். அந்த விலைக்கு ரப்பர் மரத்தை யார் வாசிப்பார்கள்?

ஆனால் சின்னத் தொகுதியுள்ள பயிர்களை வாசித்தார்கள். 2008இல் பப்பாளியின் வாசிப்பு வெளியானது. ஹவாயில் வைரஸ் நோயைத் தாங்குவதற்காக மரபணு மாற்றம் செய்த சன்அப் என்ற பப்பாளி அது. மொத்தம் 37 கோடி எழுத்து. சாங்கர் முறையில் செய்த அந்தப் பணியில் முக்கியப் பங்கு வகித்தவர் வங்காளதேசத்தில் பிறந்து ஹவாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மக்சூதுல் ஆலம். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் வேதி உயிரியல் மையத்துக்குத் தலைமையேற்று ரப்பரை வாசித்தவரும் அவரே.

பப்பாளிக்கும் ரப்பருக்கும் இடையே கருவி மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் 454 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு நிறுவனம் தன் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. இரண்டாம் தலைமுறை என்று சொல்வது அதிலிருந்து. குழாய்க்கு ஒரு துண்டு என்ற கணக்குப் போய், ஒரே தட்டில் லட்சக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் வாசிக்கும் வழி வந்தது. 454 கருவி மின்மினிப்பூச்சியின் நொதியைப் பயன்படுத்தியது. நகலில் ஓர் எழுத்து சேரும்போது சிறு ஒளி மின்னும். நிபோங் தெபாலில் கிரியான் ஆற்றோரம் இரவில் படகில் போனவர்களுக்கு அந்த ஒளி தெரியும், அதே வேதியியல்தான். ஒரே எழுத்து வரிசையாக ஆறேழு முறை வந்தால் ஒளி கொஞ்சம் கூடுதலாக மின்னுமே தவிர, ஆறா ஏழா என்று கருவிக்குக் குழப்பம். அது அதன் குறை.

இரண்டாம் தலைமுறையில் வென்ற முறைக்கு நமக்கு நெருக்கமான ஒரு பெயர் இருக்கிறது. சங்கர் பாலசுப்பிரமணியன் 1966இல் சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாக இங்கிலாந்துக்குச் சென்றவர். கேம்பிரிட்ஜில் வேதியியல் பேராசிரியர். 1997இல் அவரும் சக பேராசிரியர் டேவிட் கிளெனர்மனும் அங்கே ஒரு மதுக்கூடத்தில் உட்கார்ந்து பேசியதில் பிறந்த யோசனை, மறு ஆண்டு சோலெக்சா என்ற நிறுவனமாயிற்று. சாங்கரின் பொய்யெழுத்து நிரந்தரமாக நிறுத்திவிடும் அல்லவா? இவர்கள் செய்த பொய்யெழுத்து கொஞ்ச நேரம் மட்டுமே நிறுத்தும். ஓர் எழுத்து சேர்ந்தவுடன் நகல் நிற்கும், கருவி தட்டு முழுவதையும் நிறத்தோடு படம் பிடிக்கும், பிறகு தடையைக் கழற்றிவிட்டால் அடுத்த எழுத்து சேரும், மறுபடி ஒரு படம். இப்படியே கோடிக்கணக்கான துண்டுகள் ஒரே நேரத்தில். 2005இல் அவர்கள் முதலில் வாசித்துக் காட்டியது ஃபை எக்ஸ் 174 என்ற குட்டி வைரஸ். 1977இல் சாங்கர் வாசித்ததும் அதே வைரஸ்தான். பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் தொழில் தொடங்கியதுபோல எனக்கு அது படுகிறது.

2007இல் சோலெக்சாவை அமெரிக்காவின் இலுமினா வாங்கிவிட்டது. அதே ஆண்டில் சாலிட் என்ற மூன்றாவது கருவியும் வந்தது, அதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை, இன்று அது இல்லை. 454 கருவியையும் அதை வாங்கியிருந்த ரோஷ் நிறுவனம் 2016க்குள் மூடிவிட்டது. இலுமினா நிலைத்தது. விலை சரிந்த வேகத்தை நம்புவது கடினம். 10 கோடி டாலர் என்று சொன்னேனே, அதே வேலையை 1,000 டாலருக்குச் செய்யும் கருவி என்று 2014இல் இலுமினா அறிவித்தது.

இதற்கு அவர்கள் கொடுத்த விலை கிழிசலின் நீளம். தொடக்கத்துச் சோலெக்சா துண்டு 35 எழுத்துதான். பிற்பாடு 150, 250 என்று வளர்ந்தது, சாங்கரின் எண்ணூறை எட்டவில்லை. மலிவாக, ஏராளமாக, ஆனால் சின்னஞ்சிறியதாக. இதழைக் கிழித்த உவமையில், கைக்கு வருவது ஒரு வரிகூட இல்லை, நான்கைந்து சொற்கள்.

பினாங்கில் ரப்பர் வாசிப்பு நடந்தது இந்தக் கட்டத்தில். 454, இலுமினா, சாலிட் என்று அப்போதிருந்த மூன்று இரண்டாம் தலைமுறைக் கருவிகளின் துண்டுகளையும் சேர்த்தே ஒட்டினார்கள். வாசித்தது ஆர்ஆர்ஐஎம் 600. முழு ஆய்வுக் கட்டுரை 2013இல் வெளியானது. அதன் தலைப்பிலேயே "வரைவு" என்று இருக்கிறது. செய்தித் தலைப்புகளில் அந்தச் சொல்லைக் காணோம். கட்டுரையின் கணக்கு இது. மரபணுத்தொகுதியின் மொத்த நீளம் சுமார் 215 கோடி எழுத்து என்று மதிப்பீடு, ஒட்டி முடித்தது சுமார் 110 கோடி. அதாவது ஏறக்குறைய பாதி.

மீதி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அதே கட்டுரை இன்னொரு கணக்கையும் சொல்கிறது. ரப்பரின் டி.என்.ஏ.வில் 78 விழுக்காடு, திரும்பத் திரும்ப வரும் எழுத்துக்கோவைகள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்கவே வேண்டியதில்லை. விடியற்காலை மூடுபனியில் நிரைகளுக்கு நடுவே ஒருவரை இறக்கிவிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் என்ன சொல்வார்? முன்னே ஒரு மரம், பின்னே ஒரு மரம், எல்லாம் ஒரே மரம். மரத்துக்கு ஒன்றாகப் பத்தாயிரம் சின்னப் படங்களை எடுத்துக் கொடுத்தாலும் தோட்டத்தின் வரைபடம் கிடைக்காது. ஒரே படத்தில் இந்த முனையில் வாய்க்காலும் அந்த முனையில் பால் ஸ்டோரும் தெரிந்தால்தான் இடையில் எத்தனை மரம் என்று எண்ண முடியும். 100 எழுத்துத் துண்டுக்கு வாய்க்காலும் தெரியாது, ஸ்டோரும் தெரியாது. ஒன்றுபோல இருக்கும் துண்டுகளைக் கணினி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து ஒரே துண்டாக்கிவிடும், அல்லது அங்கேயே கைவிட்டுவிடும்.

இதற்காக அந்தப் பணியைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. மரபணுக்கள் இருக்கும் பகுதி பெரும்பாலும் கிடைத்துவிட்டது. பால் உற்பத்திக்கான மரபணுக்கள், மரக்கட்டை உருவாகும் வழி, நோய் எதிர்ப்பு, கையுறை அணிபவர்களுக்கு ஒவ்வாமை தரும் புரதங்கள் என்று நான்கு துறைக்கும் உலகில் முதன்முதலாக ஒரு பட்டியல் பினாங்கிலிருந்து போயிற்று. மக்சூதுல் ஆலம் இங்கிருந்து தம் தாய்நாட்டுக்குச் சென்று சணலை வாசிக்க வழிகாட்டினார், 2010இல் அதன் அறிவிப்பு வந்தது. 2014 டிசம்பரில் ஹவாயில் காலமானார். மூன்று பயிர், இரண்டு தலைமுறைக் கருவி, ஒரே மனிதர்.

மூன்றாம் தலைமுறைக் கருவிகள் நீளத்தைக் கொண்டுவந்தன. முந்தைய இரண்டு தலைமுறையும் வாசிப்பதற்கு முன் துண்டைப் பல்லாயிரம் பிரதியாகப் பெருக்கும், இவை ஒற்றை மூலக்கூறையே நேராகப் பார்ப்பவை. 2011 வாக்கில் சந்தைக்கு வந்த பாக்பயோ கருவியில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய குழி ஒன்றின் அடியில் ஒரே ஒரு நகலெடுக்கும் நொதியை ஒட்டி வைத்திருப்பார்கள். அது எழுத்தைச் சேர்க்கச் சேர்க்க, நிறுத்தாமல் ஓடும் படமாகக் கருவி பார்த்துக்கொண்டிருக்கும். 2014இல் வெளியே வந்த ஆக்ஸ்ஃபோர்டு நேனோபோர் முறை இன்னும் விநோதம். நகலெடுப்பே கிடையாது. ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல ஒரு புரதத் துளைக்குள் டி.என்.ஏ. இழை நுழையும். துளை வழியே பாயும் மின்னோட்டம் எந்த எழுத்துகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துக் கூடிக் குறையும், அந்த ஏற்ற இறக்கத்தை எழுத்தாக மாற்றுவார்கள். மினயன் என்ற அதன் சின்னக் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும். 2015இல் கினி நாட்டில் எபோலா பரவியபோது பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் அங்கேயே வைரஸை வாசித்தார்கள்.

இவற்றின் துண்டு ஆயிரக்கணக்கில், பல்லாயிரக்கணக்கில் இருக்கும். நேனோபோரில் ஒரே இழையில் 20 லட்சம் எழுத்துக்கு மேல் வாசித்ததும் உண்டு. ஆனால் தொடக்க காலத்தில் பிழை தலையைச் சுற்றவைத்தது. நூறு எழுத்தில் பத்துப் பதினைந்து தப்பு. சாங்கர் முறையில் பழகியவர்கள் இதையெல்லாம் வாசிப்பு என்று சொல்லலாமா என்று கேட்டதில் வியப்பில்லை. பிழை கண்ட இடத்தில் கண்டபடி விழுவதால் ஒரே இடத்தைப் பலமுறை வாசித்துப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஒரு தீர்வு. சின்னத் துண்டைக் கொண்டு நீளத் துண்டைத் திருத்துவது இன்னொரு தீர்வு. 2019இல் பாக்பயோ ஒரே துண்டை வட்டமாக்கிச் சுற்றிச் சுற்றிப் படித்து, பதினைந்தாயிரம் எழுத்து நீளத்தில் ஆயிரத்துக்கு ஒரு பிழை அளவுக்கு வந்துவிட்டது.

ரப்பரில் இதன் விளைவை 2016இல் பார்த்தோம். யுஎஸ்எம் ஆய்வாளர்களும் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, அதே ஆர்ஆர்ஐஎம் 600 மரத்தை மறுபடி வாசித்தார்கள். பேராசிரியர் சுதேஷ் குமார் அக்கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். இம்முறை இலுமினாவின் சின்னத் துண்டும் பாக்பயோவின் நீளத் துண்டும் கலந்தன. 110 கோடியில் நின்ற கணக்கு 155 கோடிக்குப் போனது. அதே ஆண்டில் சீன ஆய்வாளர்கள் தங்கள் நாட்டு இரகம் ஒன்றை வாசித்து வெளியிட்டார்கள். 2020இல் இன்னொரு சீனக் குழு, ஜிடி 1 என்ற இரகத்தின் 147 கோடி எழுத்தையும் 18 நிறப்புரிகளாக அடுக்கிக் காட்டியது. பழைய 215 கோடி என்ற மதிப்பீடே அதிகம் என்று இதிலிருந்து தெரிகிறது. அப்படியானால் 2013இல் கிடைத்தது பாதி என்று நான் மேலே சொன்னதும் திருத்தத்துக்கு உரியது, முக்கால் பங்கு என்று சொல்லலாம் போலிருக்கிறது. அளக்கும் கோல் மாறும்போது பழைய அளவும் மாறுகிறது.

இன்னொரு எண்ணையும் பாருங்கள். ரப்பர் மரத்தில் எத்தனை மரபணு? 2013 கட்டுரை 68,955 என்கிறது. 2016இல் யுஎஸ்எம் - ரிக்கென் கட்டுரை 84,440 என்கிறது. அதே 2016இல் சீனக் கட்டுரை 43,792 என்கிறது. மூன்றும் மதிப்புள்ள ஆய்விதழ்கள். யாரும் பொய் சொல்லவில்லை. உடைந்து கிடக்கும் தொகுதியில் ஒரு மரபணுவின் தலை ஒரு துண்டிலும் வால் இன்னொரு துண்டிலும் இருந்தால் இரண்டாக எண்ணப்படும். எதை மரபணு என்று ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற கணினி விதியும் குழுவுக்குக் குழு வேறு. ஒரு மரத்தின் மரபணுக் கணக்கு இவ்வளவு என்று யாராவது ஒற்றை எண்ணாகச் சொன்னால், எந்த ஆண்டு வாசிப்பு, எந்தக் கருவி என்று கேளுங்கள்.

பாலைப் பொறுத்தவரை இந்த நீளத்துக்கு நேரடிப் பயன் உண்டு. ரப்பர் துகளின் மேல் ஒட்டிக்கொண்டு, பால் உருவாவதில் பங்கெடுக்கும் ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. அதற்கான மரபணுக்கள் ரப்பர் மரத்தில் பதினெட்டு என்று சீனக் குழு எண்ணியது. அவற்றில் பல, தோட்டத்து லயத்து வீடுகளைப்போல ஒன்றையொன்று ஒட்டி, ஏறக்குறைய ஒரே முகத்தோடு நிற்கின்றன. சின்னத் துண்டு வாசிப்பில் இவை ஒன்றோடொன்று குழம்புவது எளிது. மற்றச் செடிகளில் சிலவாக இருக்கும் இந்தக் குடும்பம் ரப்பரில் பெருகி நிற்பதுதான் அது இவ்வளவு பால் தருவதற்கு ஒரு காரணம் என்று 2016 ஆய்வுகள் கருதுகின்றன. கையுறை ஒவ்வாமைக்குக் காரணமான புரதங்களில் இரண்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பாலைக் கூட்டும் மரபணுவும் ஒவ்வாமை தரும் மரபணுவும் ஒன்றாக இருந்தால் எதை வளர்ப்பது, எதைக் குறைப்பது? கையுறை செய்து உலகுக்கு விற்கும் நாட்டுக்கு இது சின்னக் கேள்வி அல்ல.

மனித உடலிலும் இதே சிக்கல் உண்டு. தலசீமியா நம் நாட்டில் அறிமுகம் தேவையில்லாத இரத்த நோய். பீட்டா வகைக்குக் காரணமான மரபணு மிகச் சிறியது, சுமார் 1,600 எழுத்து. அதைச் சரிபார்க்கச் சாங்கர் முறையே போதும், பல ஆய்வகங்களில் இன்றும் அதுவே நடக்கிறது. ஆல்ஃபா வகைக்கான மரபணுக்கள் இரட்டையர்போல இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் ஒன்று அழிந்துபோவதுதான் குறை. எழுத்துப் பிழையைத் தேடும் வாசிப்புக்கு அது எளிதில் பிடிபடாது. சின்னத் துண்டுகளுக்கோ இரட்டையரில் யார் யார் என்றே தெரியாது. எனவே அதற்கென்று தனிச் சோதனைகளை வைத்திருக்கிறார்கள்.

இதனால்தான் தலைமுறை என்ற சொல்லின் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம். கைப்பேசியைப்போல புதியது வந்ததும் பழையதைத் தூக்கிப் போடுவது என்று அது நினைக்க வைக்கிறது. நம் வீடுகளில் பாட்டியும் அம்மாவும் மகளும் ஒரே அடுப்படியில் நிற்பதில்லையா? அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் பொருந்தும். ஒரு மரபணுவை உறுதி செய்யச் சாங்கர். ஆயிரம் பேரை, ஆயிரம் மரத்தை மலிவாக ஒப்பிட இலுமினா. யாரும் வாசிக்காத ஒன்றை முதன்முதலாக முழுதாக அடுக்க நீளத் துண்டு. 2003இல் முடிந்ததாகச் சொன்ன மனித மரபணுத்தொகுதியில்கூட 8 விழுக்காடு அப்போது வாசிக்கப்படவில்லை. திரும்பத் திரும்ப வரும் அந்தப் பகுதிகள் 2022இல்தான் நிரம்பின, நிரப்பியவை நீளத் துண்டுக் கருவிகள்.

ரப்பருக்குத் திரும்புவோம். 1981இல் சர்வதேச ரப்பர் ஆராய்ச்சி வாரியம் பிரேசிலின் அமேசான் காடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பி, காட்டு ரப்பர் மரங்களின் விதைகளைச் சேகரித்தது. விக்கம் கொண்டுபோனதற்கு நூறு ஆண்டுகள் கழித்து, இம்முறை பிரேசிலின் ஒப்புதலோடு. அந்த விதைகளில் ஒரு பங்கு மலேசியாவுக்கு வந்து நடப்பட்டது. பால் குறைவு என்பதால் தோட்டக்காரர்கள் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நோயைத் தாங்கும் மரபணு எங்காவது இருக்குமானால் 22 கன்றுகளின் வாரிசுகளைவிட அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். அத்தனை மரத்தையும் நீளத் துண்டில் வாசிக்க இன்னும் பணம் பற்றாது. சிலவற்றை நீளமாக வாசித்து வரைபடம் போட்டுக்கொண்டு, மற்ற ஆயிரங்களைச் சின்னத் துண்டில் வாசித்து அந்த வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கலாம். என் பாட்டி மரத்துக்கு மரம் பெயர் வைத்ததுபோல, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொள்ளும் வேலை அது.